தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?



சென்ற விடுமுறையில் காஞ்சிரங்குளத்து வீட்டில் இருந்தேன். கிணற்றடியில் குடத்தை இறக்கிவைத்த என் அன்னை கேட்டார்: "ஏலேய், கெமிஸ்ட்ரியில பெரிய படிப்பு படிக்கியே, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?"

விழித்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு என்று படித்தவன் அல்லவா நான்! கழிவோடு கலந்துவரும் கிருமியைக் கண் காணாது, நாவும் அறியாது. அளந்து பாராமல் 'குடிக்கலாம்' என்று எப்படிச் சொல்வேன்?

கிணற்றடியில் எழுந்த அந்தக் கேள்வி என்னை ஆற்றுக்கும், ஆறு பிறக்கும் மலைக்கும் இழுத்துச் சென்றது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி நெய்யாற்றின்கரை வட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. விட்டுவந்த ஊருக்குத் தாமிரபரணி. வந்த ஊருக்கு நெய்யாறு. இரண்டுக்கும் தாய் ஒன்றே! 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியமலை கிழக்கே ஒரு மகளையும் மேற்கே ஒரு மகளையும் அனுப்பியிருக்கிறது. மலைக்கு மொழியும் இல்லை, மாநில எல்லையும் இல்லை.

எல்லை நமக்குத்தான் உண்டு. 1956இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நெய்யாற்று நீர் 2004இல் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் சென்றது. உரிமைக் குரல் ஒலிக்கட்டும், அது தவறன்று. ஆனால் எவ்வளவு நீர் என்று வாதாடும் நாம், எத்தகைய நீர் என்று என்றேனும் கேட்டோமா? கெட்ட நீரைப் பங்கிட்டுக்கொண்டால் வெற்றி யாருக்கு?

நியூயார்க் நகரம் கேட்டது. கோடிகோடியாகக் கொட்டி வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, நீர் பிறக்கும் கேட்ஸ்கில் மலைச்சாரலைக் காப்பதே சிக்கனம் என்று தெளிந்தது. 1997இல் அம்மலையூர் மக்களோடு உடன்படிக்கையும் செய்துகொண்டது.

நம்மிடம் சட்டம் இல்லையா? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈகோலைக் கிருமி ஒன்றுகூடத் தென்படலாகாது என்று தர அளவும் இருக்கிறது. வாரியம் ஆறுகளை ஆய்கிறது. ஆயினும் அந்த எண்கள் ஏட்டில் உறங்குகின்றன. குடம் சுமக்கும் தாயின் கிணற்றடிக்கு வந்து சேர்வதில்லை.

அவற்றைக் கொண்டுசேர்க்க வேண்டியவர்கள் நாம். விடுமுறைதோறும் நெய்யாறு அணை, அமரவிளை, பூவாறு என மூன்று இடங்களிலும், நம் ஊர்க் கிணறுகளிலும் நீர் எடுப்போம். அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், கிருமி ஆகியவற்றை அளப்போம். எந்த இடத்தில் எண் கெடுகிறதோ, அதற்கு மேலே எங்கோ கேடு கலந்திருக்கலாம் என்று அறிவோம். முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் படிப்பகங்களில் ஒட்டுவோம். இதற்குக் கோடிகள் வேண்டா. சில கண்ணாடிக் குப்பிகளும், சோம்பாத கால்களும் போதும்.

பட்டம் பெறுவது பெருமைதான். ஆனால் பெற்றவளின் கேள்விக்கு விடை சொல்லாத பட்டம் எதற்கு? அடுத்த விடுமுறையில் குப்பியோடு போகிறேன். உடன் வருவோர் யார்?