மத்தளத்துக்கு இரண்டு பக்கம்

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குச் சமீபத்தில், ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. எதிர்ச் சரிவில் எங்கேயோ ஒரு கிராமத்தில் மேளம் கொட்டிக் கொண்டிருந்தார்கள். 'தொம், தொம்' என்ற அடித்தொண்டைச் சப்தம் மட்டும் மலையைச் சுற்றிக் கொண்டு வந்து சேர்ந்தது. குச்சி தோலில் படும் 'டக்' என்ற ஒலியும், கூடவே இருந்திருக்க வேண்டிய தாளத்தின் 'ஜிங்'கும் ஒரு துளி கூடக் காதில் விழவில்லை.

இதில் மந்திரம் எதுவும் கிடையாது. வினாடிக்கு 100 தடவை அதிரும் தாழ்ந்த சப்தத்துக்கு அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அப்பேர்ப்பட்ட அலை, பாறையோ மரமோ குறுக்கிட்டால் வளைந்து போய்விடும். 10,000 தடவை அதிரும் கீச்சுக் குரலின் அலையோ 3.4 சென்டிமீட்டர்தான். அதை மேடு மறைத்துவிடும். மிஞ்சியதைக் காற்றே விழுங்கிவிடும். ஆக, மலை ஒரு சல்லடையாக நின்று மேளத்தை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தான் வைத்துக் கொண்டு மீதியை எனக்கு அனுப்பியிருந்தது.

இந்தப் பாதி மேளத்தைக் கேட்டதும் எங்கள் தெருப் பெரியவர் நினைவுக்கு வந்தார். நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்தவர். கையில் நடுக்கம் கண்டதும் வாத்தியத்தை உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். ஏதோ ஒரு கோயில் உற்சவத்தில் அவர் வாசித்த பழைய ஒலிநாடா ஒன்று அகப்பட, அவருடைய பேரன் அதைக் கைப்பேசியில் ஏற்றிப் போட்டுக் காட்டினான். நானும் அங்கே இருந்தேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். பாதியிலேயே கண்ணைத் திறந்தார்.

"வாத்தியாரே, என் இடது கையை யார் வெட்டினது?" என்றார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயம். மலை எனக்குச் செய்ததைத் தலைகீழாகக் கைப்பேசி அவருக்குச் செய்திருந்தது. வலந்தலையின் 'நம்', 'தின்' எல்லாம் கேட்டன. தொப்பியின் கும்காரம் அடியோடு காணாமற் போயிருந்தது. 2019-ல் ஜில்லாத் தலைநகரமாகிவிட்ட எங்கள் கள்ளக்குறிச்சியில் ஆடி மாதம் வந்தால் கம்பத்துக்குக் கம்பம் ஏறுகிற கூம்பு ஒலிபெருக்கிகளும் இதே ஜாதிதான். அவை ஊரைக் கூப்பிடப் பிறந்தவை. வாத்தியத்தைக் கேட்பதற்கு உதவா. இரண்டுக்கும் நடுவில் வளரும் நம் குழந்தைகள், மிருதங்கத்துக்கு ஒரே பக்கந்தான் என்று நம்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம் பிடித்துக் கொண்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே ஒரு பக்கத்துக்கு அந்த இடி கூடக் கிடைக்கவில்லை!

மிருதங்கத்தைப் பற்றி உலகத்துக்கு முதலில் விஞ்ஞானபூர்வமாக எடுத்துச் சொன்னவர் நம் ஸி. வி. ராமன் அவர்கள். தோல் வாத்தியங்களின் மேல்ஸ்வரங்கள் பொதுவாக ஒன்றோடொன்று இசையாமல் இரைச்சலாகவே இருக்கும். நம் நாட்டு வாத்தியத்தில், வலந்தலையின் நடுவே பூசியிருக்கும் கறுப்புச் சோறு அந்த மேல்ஸ்வரங்களைச் சுருதிக்குள் கொண்டு வந்துவிடுகிறது என்று அவரும் சிவகாளி குமாரும் 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். பெயர் தெரியாத நம் வாத்தியக்காரர்கள் கையாலும் காதாலும் கண்டுபிடித்திருந்ததை நோபல் பரிசு பெறப்போகிறவர் ஒருவர் கணக்குப் போட்டு ஆமோதித்தார். அப்பேர்ப்பட்ட வாத்தியத்தைப் பாதியாகக் கேட்பதா?

"இத்தனை பாட்டரி இருந்தும் கைப்பேசிக்குத் தொப்பி ஏன் எட்டவில்லை?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். விடை சுலபமானது. ஒலிபெருக்கியின் கூம்பு, தாழ்ந்த சுருதியை அதே உரப்போடு எழுப்ப வேண்டுமானால் அதிக தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால் அசைவு நான்கு மடங்கு. 2,000 அதிர்வுக்கு அசைவதைப் போல் 100 அதிர்வுக்கு 400 மடங்கு அசைந்தாக வேண்டும்! கடுகளவு தகட்டுக்கு அது சாத்தியமில்லை. பெரிய கூம்பு போட்டாலோ, அது கனத்தினால் மேல்ஸ்தாயியில் தடுமாறும். 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இன்றைய சுருள் ஒலிபெருக்கிக்கு உருக்கொடுத்ததிலிருந்து இந்தச் சங்கடம் இருந்து வருகிறது. ஆகவே பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று வைத்து வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

எங்கே பங்கிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆம்பிளிபயரைத் தாண்டிய பிறகு, பெட்டிக்குள்ளே, கம்பிச் சுருளையும் கெபாசிட்டரையும் வைத்துப் பிரிக்கிறார்கள். இது வாய்க்கால் நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டு, வயலண்டை போய்க் கல்லைப் போட்டுத் தடுப்பதற்கு ஒப்பாகும். சுருள் கொஞ்சம் சக்தியைத் தின்னும். ஒலிபெருக்கியின் மின்தடையோ சுருதிக்குச் சுருதி மாறுவதால் போட்ட கணக்கும் பிசகும். கோமுகி அணையின் மதகிலேயே பிரித்து ஆளுக்கொரு வாய்க்கால் கொடுத்துவிட்டால்? அதாவது, சப்தம் இன்னும் மெல்லிய மின்சாரமாக இருக்கும்போதே பிரித்து, கீழ்ப்பாதிக்கு ஓர் ஆம்பிளிபயர், மேல்பாதிக்கு ஓர் ஆம்பிளிபயர். இதற்கு 'ஆக்டிவ் கிராஸோவர்' என்று பெயர். 1976-ல் ஸீக்பிரீட் லிங்க்விட்ஸ் என்ற ஜெர்மானிய எஞ்சினியர், தம் சகா ரைலியின் துணையோடு, பிரித்த இரண்டும் மறுபடி கூடும்போது மேடு பள்ளமில்லாமல் சேர்வதற்கு ஒரு வழி சொன்னார். பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் சரிபாதி. அதைத் தாண்டி ஒரு ஸ்தாயி போனால் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே.

நான் 2,000 அதிர்வில் பிரிப்பது என்று தீர்மானித்தேன். கையால் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 5532 என்ற சில்லு இரண்டு. அவற்றில் நான்கு வடிகட்டிகள். கீழ்ப்பாதிக்கு 5,600 ஓம் தடை இரண்டிரண்டும், 20, 10 நானோபாரட் கெபாசிட்டரும். மேல்பாதிக்கு 10 நானோபாரட் இரண்டிரண்டும், 5,600, 11,200 ஓம் தடைகளும். இருபதுக்குப் பத்துப் பத்தாக இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தும், 11,200-க்கு இரண்டு தடைகளைத் தொடராக வைத்தும் சமாளித்தேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலைப் பொழுதில் எல்லாம் கிடைத்துவிட்டன. ஒலிநாடா ஒற்றைத் தடத்தில் பதிவானதாகையால் ஒரே பெட்டி போதும், செலவு பாதி.

பெட்டிக்கு வெளியூர் போக வேண்டுமா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஆசாரியாரிடம் போனேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், காற்றுப் புகாத 18 லிட்டர் பெட்டி என்றேன். அவர் முகம் சுருங்கிற்று.

"பலகைப் பெட்டிக்கா சார் என்கிட்ட வந்தீங்க? முகப்பிலே ஒரு யாளியாவது செதுக்கிடறேன்" என்றார்.

முகப்பில் மேடு பள்ளம் இருந்தால் சிறிய அலைகள் அதில் மோதிச் சிதறும். ஆகவே ஓரங்களைக் கூட மழுக்க வேண்டும் என்று விளக்கினேன். கடைசியில் இரண்டு பக்கவாட்டிலும் யாளி என்று ராஜி ஏற்பட்டது. யாளிக்குச் சங்கீத ஞானம் உண்டோ இல்லையோ, அதனால் பெட்டிக்குக் கெடுதலில்லை.

முதல் நாள் என் புத்திசாலித்தனத்துக்கு உரிய பலன் கிடைத்தது. இந்த முறையில் ஆம்பிளிபயருக்கும் சின்ன ஒலிபெருக்கிக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. சுவிட்சைப் போட்டதும் எழுந்த ஒரு 'டப்' என்ற உதை, பட்டுத் துணியாலான அந்த ஓரங்குலக் கும்மட்டத்தைப் பரலோகம் அனுப்பிவிட்டது. இருபது முப்பது மைக்ரோபாரட்டில் ஒரு கெபாசிட்டரைக் காவலுக்கு வைத்திருந்தால் பிழைத்திருக்கும். படித்திருந்தேன், மறந்துவிட்டேன். மாணவர்களை இதே குற்றத்துக்கு எத்தனை தரம் பெஞ்சிமேல் ஏற்றியிருக்கிறேன் என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

இரண்டாம் முறை வேறொரு கூத்து. பாடகர் கொல்லைப்புறத்தில் நின்று பாடுவது போலிருந்தது. சின்ன ஒலிபெருக்கியின் இரண்டு கம்பிகளை நான் மாற்றி இணைத்திருந்தேன். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்ததால், இரண்டும் சந்திக்கும் 2,000 அதிர்வில் ஒன்றையொன்று அழித்துவிட்டன. கம்பிகளை மாற்றினேன். பாடகர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் மாலை பெரியவரை அழைத்து வந்தான் பேரன். யாளியைத் தடவிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தனி ஆவர்த்தனத்தில் பெரிய கூம்பு மெதுவாக மூச்சுவிட, கூடத்தில் தொப்பி எழுந்தது. பெரியவரின் இடது கை முழங்கால்மேல் தானாக அசையத் தொடங்கிற்று. நான் அவர் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

கோர்வை முடிந்தது. பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, பெட்டியிலே ஏதாவது கோளாறா?" என்று பதறிக் கேட்டேன்.

"பெட்டி சரியாத்தான் இருக்கு, வாத்தியாரே. அன்னிக்கு நான் தொப்பியிலே ரவையைக் கொஞ்சம் அதிகமா அப்பிட்டேன். இத்தனை வருஷம் தெரியாமப் போச்சு. அந்த ஆவர்த்தனத்தை இன்னொரு தரம் போடுங்க."