அண்ணன் பெயரில் வரும் திருடன்

முன்பெல்லாம் திருடன் இரவில் வந்தான். ஓட்டைப் பிரித்தான், சுவரில் கன்னம் வைத்தான். நாய் குரைத்தால் ஓட்டம் பிடித்தான்.

இந்தக் காலத்துத் திருடன் பட்டப்பகலில் வருகிறான். செல்போன் வழியாக வருகிறான். அண்ணன் பெயரில் வருகிறான். அக்காள் படத்தோடு வருகிறான்!

“மச்சான், அவசரம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஒரு ஐயாயிரம் அனுப்பு. சாயங்காலம் தந்துவிடுகிறேன்.”

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது. எண், மச்சானுடைய எண். படம், மச்சானுடைய படம். யார்தான் அனுப்பாமல் இருப்பார்கள்? அனுப்பிய பிறகுதான் தெரிகிறது, மச்சான் ஆஸ்பத்திரியில் இல்லை, தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்று. அவருடைய கணக்கைத் திருடியவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு, அவர் பெயரில் பிச்சை எடுத்துவிட்டான்.

எட்டு மணி நேரம்

செவ்வாப்பேட்டை ரோடு ரெயில் நிலையத்தில் அதிகாலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஒரு சாரார் ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். இன்னொரு சாரார் திருவள்ளூர் பக்கம் போய், காக்களூர் தொழிற்பேட்டைக்குள் நுழைகிறார்கள். அதே மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே உள்ளூர்க்காரர்களோடு, பீகார், ஒடிசா என்று வெகுதூரத்திலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள்.

பல தொழிற்சாலைகளில் வேலை நடக்கும் இடத்துக்குச் செல்போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம், அந்த மனிதரை யாரும் கூப்பிட முடியாது.

திருடனுக்கு இதைவிட நல்ல நேரம் வேண்டுமா? காலையில் ரெயிலில் வரும்போது கணக்கைப் பறித்துவிட்டால், மாலை வரை அவனுக்குத் தடை இல்லை. வீட்டில் இருக்கும் மனைவி சந்தேகப்பட்டுப் போன் செய்தாலும், எடுக்க ஆள் இல்லை. “போன் எடுக்கவில்லை, நிஜமாகவே ஆபத்துதான்” என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். சந்தேகம் தீர்வதற்குப் பதிலாகப் பயம் கூடுகிறது. பணம் போகிறது.

ஆறு எண்

கணக்கு போவது எப்படி? பூட்டை யாரும் உடைப்பதில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வாட்ஸ்அப்புக்குச் சாவி, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஆறு எண். புதிய போனில் கணக்கைத் திறக்க முயன்றால், கணக்குக்கு உரியவரின் எண்ணுக்கு அது வரும். திருடன் தன் போனில் முயற்சி செய்கிறான். ஆறு எண் தொழிலாளியின் போனுக்கு வந்துவிடுகிறது. உடனே ஒரு செய்தி: “தம்பி, தவறுதலாக என்னுடைய நம்பர் உன் போனுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பு.”

கேட்பது தெரிந்தவருடைய பெயர். அவருடைய கணக்கு நேற்றே திருடு போய்விட்டது என்பது யாருக்குத் தெரியும்? ஆறு எண்ணை அனுப்பிய மறு நிமிடம், தம்பியின் கணக்கும் போய்விடுகிறது. அடுத்து, தம்பி பெயரில் அவருடைய நண்பர்களுக்குக் கடிதம். அம்மை நோய் பரவுவதுபோல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இது பரவுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. “கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை அமுக்குங்கள்” என்று, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணைச் சொல்வான். அமுக்கினால், அந்தப் போனுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுடைய போனுக்குத் திரும்பிவிடும். பிறகு ஆறு எண்ணை எஸ்.எம்.எஸ். இல்லாமல் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்வான். அப்படி அமுக்கிவிட்டவர்கள் ##002# என்று அமுக்கினால், திருப்பிவிட்ட அழைப்புகள் எல்லாம் ரத்தாகிவிடும்.

கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். போக்குவரத்து அபராதம் என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்து இருந்தால், அது பத்திரிகை அல்ல. போனுக்குள் குடியேறப் பார்க்கும் ஒரு செயலி. திறக்கக் கூடாது. மொய் எழுத வேண்டுமென்றால் கல்யாண வீட்டாரையே போனில் கேட்டுக்கொள்ளலாம்!

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் மிரட்டல் வேறு மாதிரி. “உங்கள் பக்கம் விதியை மீறிவிட்டது. 24 மணி நேரத்தில் நீக்கப்படும். இங்கே தொட்டு விளக்கம் கொடுங்கள்.” தொட்டால், அசலைப் போலவே ஒரு நகல் பக்கம் திறக்கும். அதில் கடவுச்சொல்லை எழுதுகிறவர், அதைத் திருடனுடைய நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். செல்போன் மூலம் சேலையும் ஊறுகாயும் விற்கும் பெண்கள், பக்கம் போய்விடுமோ என்று பதறி இதில் விழுகிறார்கள்.

படித்தவர்களும் விழுந்தார்கள்

இந்த வித்தை புதிதல்ல. 1990-களின் நடுவில், அமெரிக்கா ஆன்லைன் என்ற கம்பெனியின் ஊழியர்கள்போல் நடித்துச் சிலர் கடவுச்சொற்களைக் கேட்டு வாங்கினார்கள். மீனுக்குத் தூண்டில் போடுவதுபோல் இருந்ததால், மீன்பிடிப்பு என்று பொருள்படும் ‘பிஷிங்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

ஏமாந்தவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2020 ஜூலை 15 அன்று, டுவிட்டர் கம்பெனியின் ஊழியர்களையே போனில் ஏமாற்றி உள்ளே புகுந்தார்கள். குறிவைக்கப்பட்ட கணக்குகள் 130. ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோர் பெயரில் பணம் கேட்டுச் செய்தி வெளியாயிற்று. சூத்திரதாரி யார் தெரியுமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையன்!

2021 டிசம்பர் 12 அன்று, பிரதமர் நரேந்திர மோடியின் டுவிட்டர் கணக்கே சிறிது நேரம் பிறர் கையில் இருந்தது. 2025 பிப்ரவரியில் நடிகை திரிஷாவின் எக்ஸ் கணக்கு போயிற்று. அவர் என்ன செய்தார்? வாய் மூடி இருக்கவில்லை. இன்ஸ்டாகிராமில், “டுவிட்டரில் வருவது என்னுடையதல்ல” என்று உடனே ஊருக்கு அறிவித்துவிட்டார். அதுதான் சாமர்த்தியம்.

அதே பிப்ரவரியில் பாடகி ஸ்ரேயா கோஷலின் எக்ஸ் கணக்கும் பறிபோயிற்று. கம்பெனிக்கு எழுதி எழுதிப் பார்த்தார். இயந்திரம் அனுப்பும் பதில்தான் வந்தது. கணக்கு திரும்பி வந்தபோது ஏப்ரல் மாதம். இத்தனை பெயர் பெற்றவருக்கே ஏறக்குறைய இரண்டு மாதம் என்றால், செவ்வாப்பேட்டைத் தொழிலாளிக்கு எத்தனை மாதம்?

வெட்கம் எதற்கு?

கணக்கைப் பறிகொடுத்தவர் முதலில் செய்வது, அதை மறைப்பது. “ஏமாந்துவிட்டான் என்று சிரிப்பார்களே” என்ற வெட்கம். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். அவன் குறி, கணக்குக்கு உரியவர் அல்ல. அவரை நம்புகிற பெரியப்பாவும், சித்தியும், கூட வேலை செய்கிறவரும்தான். ஆகையால் முதல் வேலை, மீட்பது அல்ல, சொல்வது. பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கியாவது நாலு பேரைக் கூப்பிட்டு, “என் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்” என்று சொல்ல வேண்டும். அந்த நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்வார்கள்.

சிரிக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்று சிரித்தால், நாளை அந்த வீட்டுப் பையன் ஏமாந்தபோது வாய் திறக்கமாட்டான்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அப்போதே போன் செய்ய வேண்டும். திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புகார் சீக்கிரம் போனால், அந்தப் பாங்கியில் அதை நிறுத்தி வைக்க முடியும். எந்தப் பாங்கி, எவ்வளவு ரூபாய், எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பணம் போகாவிட்டாலும், சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பிறருடைய கடவுச்சொல்லைத் திருடிப் பயன்படுத்தினாலும், பிறர்போல் நடித்துக் கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றினாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

மீட்கும் வழி

வாட்ஸ்அப்பை மீட்பது, பலர் நினைப்பதைவிடச் சுலபம். சிம் கார்டு உரியவர் கையில்தானே இருக்கிறது? தன் எண்ணைப் போட்டு மறுபடி பதிவு செய்து, புதிதாக வரும் ஆறு எண்ணை எழுதினால், திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் உள்ளே இருந்தபோது இரண்டாவது பூட்டு ஒன்று போட்டிருந்தால், அதைத் திறக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த ஏழு நாளும் அவன் வெளியேதான் நிற்பான். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

பழைய உரையாடல்கள் போனிலேயே இருப்பதால், கணக்கை வேறு போனில் திறந்தவன் அவற்றைப் படிக்க முடியாது. இது பல பெண்களுக்கு ஆறுதல் தரும் செய்தி. ஆனால், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். அந்த வழியாக நுழைந்தவனுக்குப் பழைய செய்தியும் தெரியும்.

இரண்டாவது பூட்டைத் திருடன் போடும் முன்பு உரியவரே போட்டுவிட்டால் தொல்லை இல்லை. ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்று அதற்குப் பெயர். வாட்ஸ்அப்பில் 2017 முதல் இருக்கிறது. போட்டவர்கள் எத்தனை பேர்?

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும், இணைய முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு ‘ஹேக்டு’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால் மீட்கும் பக்கம் வரும். முன்பு பயன்படுத்திய அதே போனில், வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து முயல்வது நல்லது. மின்னஞ்சல் முகவரியும் திருடன் கையில் இருந்தால், முதலில் அதை மீட்க வேண்டும். வாசல் கதவு திறந்திருக்கும்போது பீரோவைப் பூட்டி என்ன பயன்?

இங்கேதான் இரண்டாவது திருடன் காத்திருக்கிறான்! “இரண்டாயிரம் கொடுங்கள், கணக்கை மீட்டுத் தருகிறேன்” என்பான். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களிலும் போலி உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜாம்தாரா என்று ஒரு மாவட்டம். பாங்கி அதிகாரிபோல் பேசி ஏமாற்றுகிறவர்களால், அதன் பெயர் தேசம் முழுவதும் கெட்டுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருகிற கடை எதுவும் இந்தக் கம்பெனிகளுக்குக் கிடையாது.

கம்பெனிகளின் கடமை

பழி முழுவதையும் ஏமாந்தவர் தலையில் போடுவது நியாயமல்ல. கோடிக்கணக்கான இந்தியர்களைக் காட்டி விளம்பரம் பிடிக்கும் கம்பெனிகள், கணக்கு போய்விட்டது என்று அழுகிறவனிடம் பேச ஒரு மனிதரை வைக்கக் கூடாதா? 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதிகளின்படி, ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் செய்தது திருப்தி இல்லையென்றால், 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். 2023 முதல் அந்தக் குழு இயங்குகிறது. கட்டணம் இல்லை. ஆனால் இப்படி ஒரு குழு இருப்பது எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? சட்டம் டில்லியில் இருந்தால் போதாது. செவ்வாப்பேட்டைக்கும் வந்து சேர வேண்டும்.

தொழிற்சாலை முதலாளிகளும் ஒன்று செய்யலாம். செல்போனை வாசலில் வாங்கி வைக்கிறவர்கள், அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். “உங்கள் கணவர் பெயரில் பணம் கேட்டு வந்திருக்கிறது, அவர் நலமா?” என்று கேட்டால், உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு காவலாளிக்கு ஐந்து நிமிடம் ஆகும். வடமாநிலத் தொழிலாளியின் தாயாருக்கு அவருடைய மொழியில் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். வீட்டிலும், குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம். “நம் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு என்ன பெயர்?” என்று கேட்டால் திருடன் திணறிவிடுவான்.

சிம் கார்டை அடிக்கடி மாற்றும் தொழிலாளர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஊர் மாறி வந்தவர்கள் பழைய எண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். பேஸ்புக்கிலும் பாங்கியிலும் அந்தப் பழைய எண்ணே பதிவாகி இருந்தால், சாவி எண் அந்தப் புதியவருக்குப் போகும். ஆகையால், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘எண்ணை மாற்று’ என்ற இடத்தில் புது எண்ணைக் கொடுக்க வேண்டும். பேஸ்புக், மின்னஞ்சல், பாங்கி ஆகியவற்றிலும் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகே பழைய சிம்மைக் கழற்ற வேண்டும்.