இரண்டாவது கருவியைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. கடலுக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

எம்மிடம் ஒன்பதாம் தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒருவர் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இருபத்தாறு வயது. பெயர் சொல்ல மாட்டோம், ஊரில் பலருக்குத் தெரியும். கடலட்டைக்கு முழுகப் போன இடத்தில் நடந்தது. அன்று காலையில் இரண்டு தடவை ஏறத்தாழ 30 மீற்றருக்கு இறங்கியிருக்கிறார். இரண்டாவது தடவை மேலே வரும்போது கையில் கட்டியிருந்த டைவ் கொம்பியூட்டரின் திரை அணைந்துவிட்டது. பற்றரி முடிந்திருக்கிறது. மூன்றாவது தடவைக்கு, படகுப் பெட்டிக்குள் கிடந்த மேலதிகக் கருவியை எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நல்ல கருவி, புதுப் பற்றரி. அது காட்டிய நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தான் மீறவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார். மஃரிபுக்கு முன்னரே தோள்மூட்டில் வலி. பிறகு இரண்டு கால்களும் மரத்து, சிறுநீரும் போகாமல் நின்றுவிட்டது.

தேத்தண்ணிக் கடையில் என்ன கதைத்தார்கள்? “கருவியை நம்பினான், அதான் இப்படி. எங்கட வாப்பாமார் என்ன கொம்பியூட்டர் கட்டிக்கொண்டா முழுகின?” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தோம்.

முதலில் வாப்பாமார் விடயம். அவர்களில் பெரும்பாலானோர் மூச்சை அடக்கி முழுகியவர்கள். ஓரிரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார்கள். சிலிண்டர் கட்டி இறங்குபவர் கீழே அரை மணித்தியாலம் மூச்சு விடுகிறார். இரண்டும் வேறு வேறு தொழில்.

கடல் மட்டத்தில் எம்மை அமுக்குவது ஒரு வளிமண்டல அமுக்கம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொன்று கூடும். 30 மீற்றரில் நான்கு. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் வளியில் உள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். சோடாப் போத்தலின் மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெதுவாகத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறும். உடம்பும் அப்படித்தான். அவசரப்பட்டு ஏறினாலோ, அளவுக்கு மீறிக் கீழே நின்றுவிட்டு ஏறினாலோ குமிழி கட்டும். அது மூட்டில் நின்றால் வலி, முள்ளந்தண்டில் நின்றால் கால் போய்விடும்.

இந்தக் கணக்கைத்தான் கையில் கட்டும் கருவி பார்க்கிறது. ஆனால் எப்படிப் பார்க்கிறது என்பதில் எமது பிள்ளைகள் பலருக்குப் பிழையான எண்ணம் இருக்கிறது. அது எமது இரத்தத்தைச் சோதிப்பதில்லை. அதற்குள் இருப்பவை அமுக்கத்தை அளக்கும் ஓர் உணரியும் ஒரு மணிக்கூடும்தான். சூரிச்சில் இருந்த பூல்மான் என்ற வைத்தியர் வகுத்த கணக்கு பல கருவிகளில் ஓடுகிறது. அது உடம்பைப் பதினாறு கற்பனைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நைதரசன் ஏறியிருக்கும், மேலே இருக்கும்போது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடும். எந்த அமுக்கத்தை வைத்து? அந்தக் கருவி தானே பட்ட அமுக்கத்தை வைத்து.

இப்போது அந்தப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். காலை முழுவதும் அந்தக் கருவி படகில் வெயிலில் கிடந்தது. அதன் கணக்கில் அன்று யாரும் முழுகவேயில்லை. மூன்றாவது தடவை இறங்கிய பிள்ளையை அது முதல் தடவை இறங்கும் ஆளாகவே எடுத்துக்கொண்டது. முதல் தடவைக்குரிய முழு நேரத்தையும் கொடுத்தது. அவரும் சொன்னபடி கேட்டார். கருவி பொய் சொல்லவில்லை, அதற்கு அன்றைய காலை தெரியாது, அவ்வளவுதான். பழைய கருவிக்கே பற்றரி மாற்றியிருந்தாலும் பல மாதிரிகளில் இதே கதிதான். பற்றரியைக் கழற்றியதும் காலையில் எழுதிய கணக்கு அழிந்துவிடும்.

ஆகவே மேலதிகக் கருவி என்றால் மேலதிகமாக *கட்டும்* கருவி. அன்றைய முதல் இறக்கத்திலிருந்து கடைசி இறக்கம் வரை இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் இருக்க வேண்டும். ஒன்று கையில், மற்றது மறுகையிலோ இடுப்புப் பட்டியிலோ. காலையில் காக்கா கட்டியதைப் பின்னேரம் தம்பி கட்டக் கூடாது. மூன்று பேர் சேர்ந்து இறங்கும்போது ஒருவர் கையில் மட்டும் கருவி இருந்து, மற்ற இருவரும் அவரைப் பார்த்து ஏறுவதும் எமது பக்கத்தில் சர்வ சாதாரணம். அவர் 24 மீற்றரில் நிற்க, இவர்கள் அவருக்குக் கீழே 30 மீற்றரில் அட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

என்ன வாங்குவது என்று கேட்பவர்களுக்கு எமது அபிப்பிராயம் இது. இரண்டாவதற்கு ஆடம்பரம் வேண்டாம். வர்ணத் திரையோ, சிலிண்டர் வளியைத் திரையில் காட்டும் வசதியோ தேவையில்லை. ஆழம், நேரம், இன்னும் எத்தனை நிமிடம் நிற்கலாம், ஏறும் வேகம் ஆகியவை பெரிய எழுத்தில் தெரிந்தால் போதும். எமது கடைகளில் கிடைக்கும் வட்டப் பற்றரி போடக்கூடியதாக, நாமே திறந்து மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. வருடத்துக்கு ஒருமுறை கம்பனிக்கு அனுப்பி மாற்றும் வகை எமக்குச் சரிவராது. முடிந்தால் முதலாவது கருவி பயன்படுத்தும் அதே கணக்கு முறையுள்ளதை எடுங்கள். வேறு முறையென்றால் ஒரே இடத்தில் ஒன்று ஏழு நிமிடம் என்கும், மற்றது பன்னிரண்டு என்கும். அப்போது குறைவாகச் சொல்வதைக் கேளுங்கள். எங்கட ஆட்கள் கூடச் சொல்வதைக் கேட்பார்கள், அதையும் தெரிந்துதான் சொல்கிறோம்.

வெளிநாட்டவர் விட்டுப் போகும் பழைய கருவிகளை வாங்குவதில் தவறில்லை. வாங்குவதற்கு முன் நம்பகமான ஒன்றோடு சேர்த்துக் கட்டி, ஆழம் குறைந்த இடத்தில் இறக்கி, இரண்டும் ஒரே ஆழத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். பற்றரி மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். இன்னொன்று, கட்டாயம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறினால் பல கருவிகள் கோபித்துக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் பூட்டிக்கொள்ளும். அது பழுதில்லை. “இன்று நீ இறங்காதே” என்கிறது. அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைக் கட்டி இறங்குபவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

நடுக்கடலில் ஒன்று அணைந்தால், மற்றதைப் பார்த்து அந்த இறக்கத்தை முடித்துக்கொண்டு ஏறுங்கள். இன்னொன்று இருக்கிறதே என்று தொடர வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடமாவது, வளி இருந்தால் அதற்கு மேலும் நின்று வாருங்கள். அதன்பின் 24 மணித்தியாலம் கடல் வேண்டாம்.

“ஒன்றுக்கே வழியில்லை, இரண்டுக்கு எங்கே போவது சேர்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் ஆளுக்கு ஒன்று முதலில். அதோடு ஒரு சாதாரண ஆழமானி, தண்ணீர் போகாத மணிக்கூடு, பிளாஸ்டிக் தகட்டில் எழுதிய அட்டவணை. இதுவும் ஒரு மாற்றுத்தான். பாடி நிறுவனத்தின் அட்டவணைப்படி முதல் இறக்கத்துக்கு 18 மீற்றரில் 56 நிமிடம், 30 மீற்றரில் வெறும் 20 நிமிடம். இரண்டாவது, மூன்றாவது இறக்கத்துக்கு அது சுருங்கும். 20 நிமிடம் என்று வாசித்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். வீட்டில் உம்மா இருந்தால் அவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் காசு பற்றிய கதையை முழுகுபவரிடம் மட்டும் கதைப்பது நியாயமில்லை. இஞ்சின் பழுதானால் முதலாளிமார் ஒரு கிழமைக்குள் வேறு இஞ்சின் போடுகிறார்கள். சாதாரணக் கருவி ஒன்று நடுத்தரமான கைப்பேசி ஒன்றின் விலைதான். பங்கு பிரிக்கும்போது எரிபொருளுக்கும் ஐஸுக்கும் கழிப்பதுபோல இதற்கும் கழிக்கலாமே? ஒரு பருவத்தில் முடிந்துவிடும் செலவு. அந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்கு ஊரே சேர்த்துக் கொடுத்த காசில் எத்தனை கருவிகள் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்தோம். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

உல்லாசப் பயணிகளைக் கூட்டிப்போகும் தம்பிமாருக்கும் ஒரு சொல். 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40. அங்கே போவதற்கு அதற்கென்ற பயிற்சி வேண்டும். பயிற்சி இருந்தாலும் ஒரே கருவியோடு போவது வேலைக்காகாது. வெள்ளைக்காரர் இரண்டு கட்டியிருக்க, வழிகாட்டுபவர் ஒன்றோடு போவதைக் கண்டிருக்கிறோம்.

வருத்தம் வந்துவிட்டால் திரும்பக் கடலில் இறக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒட்சிசன் கொடுத்து, படுக்க வைத்து, 1990க்கு அழையுங்கள். சிலிண்டர் கட்டி முழுகியவர் என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அமுக்க அறை இருக்கிறது. எத்தனை மணித்தியாலத்தில் அங்கே போய்ச் சேர்கிறோம் என்பதில்தான் கால் தங்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை விஞ்ஞான கூடத்தில் இருப்போம். கருவி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பற்றரியையும் வளையத்தையும் பார்ப்போம், இரண்டிரண்டாக வாளித் தண்ணீரில் போட்டு வேலை செய்கின்றனவா என்றும் பார்ப்போம். அந்தப் பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முச்சக்கர வண்டி வைத்திருப்பவர் யாராவது அவரைக் கூட்டி வந்தால் உதவியாக இருக்கும்.