பெங்களூர் கத்தரியும் பெயரில்லாத தோட்டக்காரரும்

தமிழ்நாட்டுச் சந்தைகளில் பெங்களூர் கத்தரிக்காய் என்றும் சௌ சௌ என்றும் விற்கப்படும் காய்க்கும் கத்தரிச் செடிக்கும் யாதொரு உறவும் இல்லை. அது பூசணி, சுரை முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்த கொடி. அதன் பிறப்பிடம் மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும். 1874 முதல் 1908 வரை பெங்களூர் லால்பாக் தோட்டத்தின் சூப்பரிண்டெண்டாக இருந்த ஜான் காமரன் அதனை அங்கே வரவழைத்துப் பரப்பினார் என்று தோட்டச் சரித்திரம் எழுதுவோர் தவறாமல் கூறுகின்றனர்.

அவ்வளவோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர். இக்கொடிக்கு விதையைத் தனியே எடுத்து நடுவதில்லை. முற்றிய காயினுள் இருக்கும் ஒரே விதை அங்கேயே முளைத்து வெளிவருமாதலால், காயை முழுமையாகவே மண்ணில் பதித்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் காய் அழுகிவிடும். குறைந்தால் முளை வாடிவிடும். கொடி ஓடத் தொடங்கியபின் பாரம் தாங்கும் பந்தலும் வேண்டும். இவற்றைத் தம் கையால் முதலில் பார்த்துத் தேர்ந்து, அயல் தோட்டத்தாருக்கு முளைவிட்ட காயைக் கொடுத்தவர் யார்? இன்று பழனி மலைச் சரிவுகளில் இதனைப் பயிரிடும் குடியானவர்கள் காமரனிடமிருந்து அதனைக் கற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

லால்பாக்கின் சரித்திரம் முழுவதுமே இவ்வாறுதான் எழுதப்பட்டிருக்கிறது. சீராவில் இருந்த மொகலாயர் பாணித் தோட்டத்தைப் போல் ஒன்று வேண்டுமென்று 1760-இல் ஹைதர் அலி இதனைத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் பாரசீகம், காபூல், துருக்கி, மொரீஷியஸ் முதலிய தூர தேசங்களிலிருந்து செடிகளும் விதைகளும் தருவித்தார். 1856-இல் அது அரசாங்கத் தாவரத் தோட்டமாயிற்று. 1889-இல் கண்ணாடி மாளிகைக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. 1908-இல் வந்த ஜெர்மானியரான கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கும்படி பெங்களூர்ச் சாலைகளில் மரவகைகளைத் தேர்ந்து வைப்பித்தார். 1932-இல் ஓய்வு பெற்றபின் அவர் இடத்திற்கு ஜவராயர் வந்தார். இவர்கள் அனைவரும் புகழுக்கு உரியவர்களே. கிரும்பீகலின் சாலைமரங்களை ஒருமுறை கண்டவர் அவரைக் குறைத்துப் பேச மாட்டார்.

ஆயினும், கப்பலிலும் வண்டியிலும் பல வாரம் கிடந்து வேரடி காய்ந்து வந்து சேர்ந்த நாற்றினை அதிகாரியின் உத்தரவு பிழைப்பிக்காது. மக்கிய எருவும் மணலும் கலந்த மண்ணில் அதனை வைத்துக் கீற்றுப் பந்தலின் கீழ் நிறுத்தி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக வெயில் காட்டி, எந்தச் செடிக்கு எவ்வளவு நீர் என்பதை இலையின் நிறத்தாலேயே அறிந்து ஊற்றும் கை வேண்டும். அக்கை தவறிய இடத்தில், எத்துணைப் பணம் செலவிட்டுத் தருவித்த செடியும் பட்டுப்போகும். பட்டுப்போன செடிகளைப் பற்றி எந்தச் சரித்திரமும் பேசுவதில்லை.

பெங்களூரில் அக்கைகள் பெரும்பாலும் திகளருடையவை. வன்னிகுல க்ஷத்திரியர் என்றும் வழங்கப்படும் இவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியவர்களின் வழியினர்; இவர்களுடைய பேச்சில் இன்றும் தமிழ் கலந்திருக்கிறது. லால்பாக்கை உருவாக்க ஹைதர் தம் முன்னோரை ஈடுபடுத்தினார் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி. நகரத்து ஏரிகளை ஒட்டிய நிலங்களில் கீரையும் காய்கறியும் பூவும் விளைவித்து ஊருக்கு ஊட்டியவர்களும் இவர்களே. சித்திரைப் பௌர்ணமியில் தருமராய சுவாமி கோயிலிலிருந்து மல்லிகையால் மூடிய கரகம் திரௌபதியின் பெயரால் புறப்படுகிறது. அதனைத் தாங்கி நடப்பவரும் திகளரே. தாவரத்தைக் கொண்டாடியவர் யார் என்று தேடுவோர் அந்த இரவில் பெங்களூர்த் தெருவில் நிற்பது நலம்.

அவ்வேரிகளில் சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி பின்னர் கண்டீரவ விளையாட்டரங்கம் ஆயிற்று. தர்மாம்புதி ஏரி பஸ் நிலையம் ஆயிற்று. கரையோரத் தோட்டங்களும் அவற்றோடு போயின. எந்த மண்ணுக்கு எந்தக் கீரை, எந்தப் பருவத்தில் எந்தப் பூ என்னும் அறிவு எழுத்தில் ஏறாமலே மறைந்து வருகிறது.

கூலிக்கு உழைத்தவரின் பெயரை எங்கே தேடுவது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பழைய காலத்திற்கு அது மெய்யே. ஆயினும் சென்ற அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு அந்த ஆட்சேபம் பொருந்தாது. சம்பளப் பட்டிகளைப் பார்க்கலாம். வேலை செய்த முதியவர்களையே நேரில் கேட்கலாம். அரசாங்கத் தோட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு வைத்து, செடியை வரவழைத்த அதிகாரியின் பெயருக்கு எதிரே அதனை வளர்த்தெடுத்த தோட்டக்காரர் பெயரையும், அவர் கையாண்ட மண் கலவை, பதியன் போட்ட மாதம், ஒட்டுக் கட்டிய முறை ஆகியவற்றையும் எழுதி வைத்தல் வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், தோட்டக்காரர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு எழுதத்தக்க ஓர் எழுத்தருமே. ஓய்வு பெறும் நாளில் மாலையிட்டு அனுப்புவதற்கு முன்பாகவே இதனைச் செய்துகொள்வது உத்தமம்.