தொட்டில் கேட்காத கேள்வி

திருவனந்தபுரம் தைக்காட்டில் கேரள மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சிலின் வளாகத்தில் ஒரு தொட்டில் இருக்கிறது. 2002-ல் அமைக்கப்பட்ட அதன் பெயர் ‘அம்மத்தொட்டில்’. வளர்க்க வழியற்ற தாய் தன் குழந்தையை அதில் விட்டுச் செல்லலாம். உள்ளே மணி ஒலிக்கும். ஊழியர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பெற்றவள் மணமானவளா, என்ன சாதி, என்ன மதம் என்று தொட்டில் கேட்பதில்லை. தமிழகத்தில் 1992-ல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டமும் அப்படித்தான்.

கேள்விகள் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அந்தக் குழந்தையை எந்த வீட்டுக்கு அனுப்புவது? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு?

2015-ல் இந்தக் கேள்வி நாட்டின் முன் வெளிப்படையாக வந்து நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய தத்து விதிமுறைகள், பெற்றோரைத் தேர்வு செய்யும் அதிகாரத்தைத் தனித்தனி இல்லங்களிடமிருந்து எடுத்து, மத்திய தத்து ஆணையமான ‘காரா’வின் இணையப் பதிவேட்டுக்கு மாற்றின. தனித்து வாழ்பவர், மணவிலக்குப் பெற்றவர் என்பதற்காக ஒருவரை இல்லங்கள் இனி நிராகரிக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. அன்னை தெரசா நிறுவிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி அமைப்பு இதைத் தன் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று கருதியது. தத்துக் கொடுக்கும் பணியிலிருந்தே விலகிக்கொண்டது. எல்லோருக்கும் பொதுவான மதச்சார்பற்ற நடைமுறைக்குள் வர அவர்கள் மறுக்கிறார்கள் என்று அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி குறை கூறினார்.

அந்தச் சகோதரிகளின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி கெட்ட செயல். குப்பைத் தொட்டியில் கிடந்த குழந்தைகளை அரசு திரும்பியும் பாராத காலத்தில் மடியில் ஏந்தியவர்கள் அவர்கள். தாயும் தந்தையும் உள்ள வீடே குழந்தைக்கு நல்லது என்ற அவர்களது நம்பிக்கையும் தீய எண்ணத்தில் பிறந்ததல்ல. ஆனால், ஒரு நம்பிக்கையைக் கடைப்பிடிப்பது வேறு. அரசின் உரிமம் பெற்ற பணியில் அதையே சல்லடையாகப் பயன்படுத்துவது வேறு. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், மணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் தத்தெடுக்கும் உரிமையை 1956-லேயே வழங்கிவிட்டது. தனியொரு பெண் தாயாவது 2015-ல் புகுத்தப்பட்ட புதுமை அல்ல.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு குறை இருந்தது. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி அவர்கள் காப்பாளராகலாம், பெற்றோராக முடியாது. சிறார் நீதிச் சட்டம்தான் அந்தச் சுவரை உடைத்தது. தத்தெடுப்பை அடிப்படை உரிமையாக அறிவிக்க மறுத்த உச்ச நீதிமன்றமும், எந்த மதத்தவரும் அச்சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம், தனிநபர் சட்டம் அதற்குத் தடையல்ல என்று 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தீர்ப்பளித்தது. 2015-ம் ஆண்டுச் சட்டமோ ‘எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும்’ என்றே எழுதிவைத்தது.

மற்ற நாடுகளும் இதே முடிச்சை அவிழ்க்கத் திணறியிருக்கின்றன. பிரிட்டன், 2007-ல் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தபோது, கத்தோலிக்க தத்து அமைப்புகளுக்கு 2008 இறுதி வரை அவகாசம் தந்தது, விலக்குத் தரவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், ஒரே பாலினத் தம்பதியரை வளர்ப்புப் பெற்றோராக ஏற்க மறுத்த கத்தோலிக்க அமைப்புக்குக் குழந்தைகளை அனுப்புவதை நிறுத்தியது. 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் நகர நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். காரணம் கவனிக்கத்தக்கது. விரும்பியபோது விதிவிலக்குத் தரும் அதிகாரத்தை நகர நிர்வாகம் தன் ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தது. தனக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயமா என்று நீதிமன்றம் கேட்டது.

நமது அரசும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. தம்பதியர் தத்தெடுக்க வேண்டுமானால் 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்வு வேண்டும் என்கிறது ‘காரா’ விதி. மணமாகாத இணையரும் ஒரே பாலின இணையரும் சேர்ந்து தத்தெடுக்க இயலாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த விதியை நிலைநிறுத்தியது. தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்ற தடைக்காவது பாதுகாப்பு என்ற காரணம் உண்டு. வழக்கம் என்பதைத் தவிர வேறு காரணமில்லாத தடைகளை அரசு வைத்துக்கொண்டு, கன்னியர் இல்லத்தை மட்டும் பழமைவாதம் என்று கடிந்துகொள்வது பொருந்தாது.

அரசு சார்ந்த அமைப்பு என்பதாலேயே தவறு நேராது என்றும் சொல்வதற்கில்லை. தன் சம்மதமின்றித் தன் குழந்தை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு தாய் 2021-ல் இதே திருவனந்தபுரத்தில் போராடினார். மரபணுச் சோதனைக்குப் பிறகு, நவம்பரில் குடும்ப நீதிமன்றம் குழந்தையை அவரிடமே ஒப்படைத்தது. மதச் சல்லடையை அகற்றினால் போதாது. குடும்ப மானம், சாதி என்ற சல்லடைகளும் இந்த நாட்டில் உண்டு.

நம்பிக்கை தரும் மாற்றங்களும் இல்லாமலில்லை. வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய வழிகாட்டு நெறிகள் 2016-ல் மணமான தம்பதியரை மட்டுமே ஏற்றன. 2024-ல் திருத்தப்பட்ட நெறிகள், 35 முதல் 60 வயது வரையிலான தனிநபர்களுக்கும் கதவைத் திறந்தன. வளர்ப்புக் குடும்பம் தத்தெடுப்பதற்கான காத்திருப்பும் 5 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்தது. இல்லங்களில் வளரும் சிறாரைக் கோடை விடுமுறையில் குடும்பங்களுடன் தங்கவைக்கும் திட்டம் கேரளத்தில் உண்டு. ஒரு மாதமாவது ஒரு வீட்டின் சமையலறை வாசனையை அக் குழந்தை அறிகிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒரு குடும்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதை எதிர்த்து முறையிட வழி இருக்கவேண்டும். மத அமைப்புகள் குழந்தைகளைப் பேணும் பணியைத் தொடரட்டும். யாரிடம் ஒப்படைப்பது என்ற முடிவு மட்டும் பொது விதியின்படி நடக்கட்டும். ஓர் அமைப்பு மனசாட்சியின் பேரில் விலகினால், அந்த இடத்தை நிரப்பும் ஆளும் பணமும் அரசிடம் தயாராக இருக்கவேண்டும். விதியை எழுதிவிட்டுத் தொட்டிலைக் கைவிடுவது சமத்துவமாகாது.

மனசாட்சிக்காக விலகுவது நிறுவனத்தின் உரிமை. வீடு கிடைப்பது குழந்தையின் உரிமை. இரண்டும் மோதும்போது, பேசத் தெரியாதவரின் பக்கம் நிற்பதே நீதி.