உலை வைக்கும் முன் ஒரு பிடி

கர்த்தருக்குள் அன்பான வாசகர்களே,



அறுப்பின் பண்டிகைக் காலம் இது. வாழைத்தாரும் பூசணியும் தேங்காயும் ஆலயத்துக்குள் குவிகின்றன. கோழியும் ஆட்டுக்குட்டியும் வெளியே காத்திருக்கின்றன. ஆராதனை முடிந்ததும் ஏலம் களைகட்டும். ஒற்றை எலுமிச்சம்பழத்தைப் போட்டி போட்டு ஏற்றி எடுக்கும் உற்சாகத்தை நம் ஊர்ச் சபைகளில் பார்த்திருப்பீர்கள். பிறகு எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனம். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே யார் கண்ணிலும் படாமல் போகிற ஒரு காணிக்கையைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அது பிடியரிசி.

சமைப்பதற்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது நம் பாட்டிமார் பலருடைய வழக்கம். மாதம் ஒருமுறை அது சபைக்குப் போய்ச் சேரும். அல்லது பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். வடகிழக்கே மிசோரம் மலைகளிலும் கிறிஸ்தவப் பெண்கள் நூறாண்டுக்கும் மேலாக இதே வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறார்கள். அங்குள்ள சபைகளின் ஊழியங்கள் பல அந்த அரிசியால் தாங்கப்படுகின்றன.

“விசுவாசியாக வாழ்வது என்றால் என்ன?” என்று கேட்டு நம் இளைய வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம், வேதம் வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம். அதற்கு மேல் என்ன என்பது அவர்கள் கேள்வி. தம்பி தங்கைகளே, அந்த அரிசிக் கலயத்தின் அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். வேதத்தை வாசித்தவர்கள் அதை எப்படி வாழ்ந்தார்கள் என்பது அங்கே தெரியும்.

முதலாவது, அந்தப் பிடி சமைப்பதற்கு முன் எடுக்கப்படுகிறது. எல்லாரும் உண்டு மீந்ததில் அல்ல. முதல் இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில் சாறிபாத் ஊர் விதவையைச் சந்திக்கிறோம். பஞ்ச காலம். கையளவு மாவும் கொஞ்சம் எண்ணெயும் தவிர வீட்டில் எதுவும் இல்லை. அதைத் தின்றுவிட்டு மகனோடு சாவதற்குத்தான் அவள் விறகு பொறுக்குகிறாள். அவளிடம் தீர்க்கதரிசி எலியா, தனக்கு முதலில் ஒரு சிறிய அடை செய்து தரும்படி கேட்கிறார். அவள் கொடுத்தாள், பஞ்சம் தீரும்வரை மாவும் எண்ணெயும் குறையவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனமாக வாசிக்க வேண்டுகிறேன். அவள் பணக்காரி ஆகவில்லை. மாவுப் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. அன்றன்றைக்கு உண்ண இருந்தது, அவ்வளவுதான். அதே அதிகாரத்தில் அவள் மகன் நோயுற்று இறந்தும் போகிறான். கர்த்தர் அவனுக்கு மீண்டும் உயிர் தருகிறார். கொடுத்தவள் வீட்டுக்கும் துக்கம் வந்தது என்பதை வேதம் மறைக்கவில்லை. “ஒன்று கொடுத்தால் நூறாகத் திரும்ப வரும்” என்று மேடைகளில் கேட்கும்போது இந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். விசுவாசி வட்டிக்குக் கொடுப்பவர் அல்லர். எல்லாம் கர்த்தருடையது என்று அறிந்ததனால் கொடுப்பவர்.

இரண்டாவது, அது தினமும் எடுக்கப்படுகிறது. எருசலேமில் வறுமையில் வாடிய பரிசுத்தவான்களுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது கொரிந்து சபைக்குச் சொன்ன வழி மிக எளிமையானது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்கு ஏற்ப எடுத்து வைக்க வேண்டும். தான் வந்த பிறகு அவசரமாக வசூல் செய்யக் கூடாது. கன்வென்ஷன் பந்தலில் ஓர் இரவு பொங்கும் உணர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது தேவனுடைய தொடுதலாக இருக்கலாம். ஆனால் பந்தலைப் பிரித்த மறுநாள் காலையிலும் அடுப்படியில் ஒரு பிடி எடுக்கப்பட வேண்டும். விசுவாசம் வேர் பிடிப்பது அங்கேதான்.

மூன்றாவது, அது வீட்டைத் தாண்டிப் போகிறது. திருநெல்வேலிச் சீமையின் வரலாறே இதற்குச் சாட்சி. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் மிஷனெரிப் பணி செய்வதைக் கண்டது அவரை உலுக்கியது. தலைமுறை தலைமுறையாக நற்செய்தியைப் பெற்றுக்கொண்டிருக்கும் நாம் எப்போது கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. பனை ஏறியவர்களும் வயலில் உழைத்தவர்களும் கொடுத்த காசில், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். பிறகு அசரியாவே அங்கு சென்று, தெலுங்கு கற்று, ஒடுக்கப்பட்ட மக்களிடையே ஊழியம் செய்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

பேராயரான பின்பு அவர் அந்த ஏழைச் சபைகளிடம், உங்களுக்கு எதற்குக் காணிக்கை என்று சொல்லவில்லை. கொடுப்பதைக் கற்றுக்கொடுத்தார்; கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அடுத்தவர் கையை எதிர்பார்த்தே வாழும்படி ஊராரால் வைக்கப்பட்டிருந்த மக்கள், தங்கள் தானியத்தைச் சுமந்துகொண்டு ஆலயத்துக்கு வரும்போது நிமிர்ந்து நடந்தார்கள். கொடுக்கும் உரிமை ஏழைக்கும் உண்டு என்று சொன்னதில்தான் அசரியாவின் பெருமையைக் காண்கிறேன். மக்கெதோனியா சபைகளைப் பற்றிப் பவுல் 2 கொரிந்தியர் 8-இல் வியந்து எழுதுவதும் இதைத்தான். கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள், கொடுப்பதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்கள்.

இங்கே சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களுக்குக் காட்டுகிறார். அதற்குச் சற்று முன்புதான், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை அவர் கடிந்துகொள்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சபைத் தேர்தல் பகைக்கும் சொத்து வழக்குகளுக்கும் சபையின் பணம் செலவாகும் ஒவ்வொரு முறையும், ஏதோ ஒரு தாய் தன் பிள்ளையின் சோற்றிலிருந்து எடுத்துவைத்த அரிசிதான் வீணாகிறது. பவுல் எருசலேமுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியாக எடுத்துச் செல்லவில்லை. ஒருவரும் குறை சொல்ல இடம் இராதபடி, சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட அனுப்பினார். அப்போஸ்தலனுக்கே கணக்கு தேவைப்பட்டது என்றால், நமக்கு எவ்வளவு அதிகம் தேவை!

அன்பானவர்களே, இன்று பல வீடுகளில் அரிசிக் கலயம் இல்லை. சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்த வேகத்தில் தவணைகளுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் பிடி எடுக்க நமக்கு வழி உண்டு. சம்பளம் வந்த அன்றே, தவணை கழிவதற்கு முன், ஒரு பங்கைத் தனியே வையுங்கள். பணம் இல்லாத மாணவர்கள் நேரத்தை எடுத்து வைக்கலாம்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரம் ஒரு மாலை கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம், தனித்திருக்கும் முதியவருக்கு வேதம் வாசித்துக் காட்டலாம். அந்த முதியவர் உங்கள் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. உபாகமம் 26, முதற்பலனைக் கொண்டு வருகிறவர் லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்றே சொல்கிறது.

பெற்றோருக்கு ஒரு தனி வேண்டுகோள். பிள்ளைகள் கையில் ஆலய வாசலில் காசைத் திணிக்காதீர்கள். வீட்டில் ஒரு டப்பா வையுங்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பணத்திலிருந்து அவர்களே எடுத்துப் போடட்டும். அது யாருக்குப் போகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

உங்கள் சபையில் பிடியரிசி வழக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அது எப்படி நடக்கிறது, அதனால் யார் பயன்பெறுகிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். நின்றுபோயிருந்தால், இந்தப் பண்டிகைக் காலத்திலேயே மீண்டும் தொடங்குங்கள். உங்கள் கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுவோம். ஒரு சபையின் அனுபவம் இன்னொரு சபைக்கு வழிகாட்டட்டும். உங்கள் அறுப்பையும், நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு பிடியையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்