சைக்கிளுக்கும் கூரை வேண்டும்

வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் சாராத இந்தியத் தொழிலாளர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் வேலைக்குச் செல்வதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்தது. துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஆலைத் தொழிலாளி எனப் பலருக்கும் அதுவே வாகனம். ஆயினும் பல வளாகங்களில் கூரையுள்ள இடம் கார்களுக்கே ஒதுக்கப்படுகிறது; சைக்கிள்கள் மதிலோரம் வெயிலில் காய்கின்றன. இது அநியாயம்.

முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் தாங்கியில் வண்டி சாய்ந்தால் சக்கரம் கோணிவிடும். அந்தச் சக்கரத்தை மட்டும் பூட்டி வைத்தால், மீதி வண்டியைக் கழற்றிக்கொண்டு போவதும் எளிது. தரையில் ஊன்றிய, கவிழ்த்த 'ப' வடிவ இரும்புக் குழாயே சிறந்த ஏற்பாடு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வண்டிகள் அதில் நிற்கும். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். குழாய்களுக்கிடையே சுமார் 1 மீட்டர் இடைவெளி போதும். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுச் சைக்கிள்களாவது அடங்கும் என்பதால், இடமில்லை என்னும் வாதம் நிற்காது.

வெயில் டயரையும் மழை சங்கிலியையும் கெடுக்கும். எனவே கூரை அவசியம். நிறுத்துமிடம் நுழைவாயிலருகே, காவலாளியின் கண்பார்வையில் அமைய வேண்டும். இரவுப் பணி முடித்துச் செல்லும் பெண்களுக்கு அங்கே நல்ல வெளிச்சமும் தேவை.